டாம் அண்ட் ஜெர்ரிக்கு முதலாளி யார்? ஹன்னா-பார்பரா கைமாறிய கதை

திருமங்கலத்திலிருந்து அனிமேஷன் படிக்கும் தம்பி ஒருவரின் கேள்வி இது: "டாம் அண்ட் ஜெர்ரி ஆரம்பத்துல எம்.ஜி.எம். சிங்கம் உறுமுது. ஸ்கூபி டூ முடியும்போது ஹன்னா-பார்பரான்னு வருது. ரெண்டும் ஒரே சானல்லதான் ஓடுது. டிவிடி அட்டையில வார்னர் பிரதர்ஸ்னு போட்டிருக்கு. யாருதான் முதலாளி? ஹன்னா-பார்பரா கம்பெனி இப்ப இருக்கா, இல்லையா? எங்க மாமாகிட்ட பருத்திப்பால் பந்தயம் கட்டிட்டேன். டாம் அண்ட் ஜெர்ரி ஹன்னா-பார்பரா கம்பெனியோடதுன்னு அவரு சொல்றாரு. அது எப்பவுமே வார்னரோடதுதான்னு நான் சொல்றேன்."

தம்பி, பந்தயத்தைக் கடைசியில் பார்ப்போம். முதலில் முடிச்சு எங்கே விழுந்தது என்று சொல்லிவிடுகிறேன். டாமையும் ஜெர்ரியையும் உருவாக்கியவர்கள் வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பரா என்ற இருவர். ஆனால் ஹன்னா-பார்பரா என்ற கம்பெனிக்கு அந்தப் பூனையும் எலியும் ஒருநாளும் சொந்தமாக இருந்ததில்லை. மனிதர் வேறு, கம்பெனி வேறு, பொம்மை வேறு. இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில்தான் உங்கள் மாமா மாட்டிக்கொண்டார். நீங்கள் மாட்டிக்கொண்ட இடம் வேறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

நம் ஊரில் சினிமா பேனர் வரைந்த பெரியவர்கள் யாராவது தெரிந்தால் கேட்டுப்பாருங்கள். நாற்பதடி உயரத்துக்கு ஒரு முகத்தை வரைந்து தியேட்டர் வாசலில் நிறுத்தியிருப்பார்கள். ஊரே அண்ணாந்து பார்க்கும். படம் தூக்கியதும் அதே துணியில் வெள்ளை அடித்து அடுத்த முகம். வரைந்தவருக்குக் கிடைத்தது அன்றைய கூலி. ஹன்னாவும் பார்பராவும் ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் இருந்த இருபது வருடமும் ஏறக்குறைய அப்படித்தான், கூலி மட்டும் கொஞ்சம் கூட.

இருவரும் 1937ல் எம்.ஜி.எம். கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார்கள். பார்பரா நியூயார்க்கில் வங்கி வேலை பார்த்துவிட்டு வந்தவர், மளமளவென்று வரைவார். ஹன்னாவுக்குக் கை அவ்வளவு ஓடாது. ஆனால் தாளக்கணக்கு அத்துப்படி. எந்த அடி எத்தனையாவது பிரேமில் விழ வேண்டும் என்று இசைக்காரர் மாதிரி எண்ணிச் சொல்வார். 1940 பிப்ரவரியில் இவர்கள் செய்த முதல் பூனை-எலிப் படம் வெளிவந்தது. அப்போது பூனையின் பெயர் ஜாஸ்பர். டாம், ஜெர்ரி என்ற பெயர்களை ஸ்டூடியோவுக்குள் நடந்த பெயர்ப்போட்டியில் கொடுத்தவர் ஜான் கார் என்ற அனிமேட்டர். அவருக்குப் பரிசு 50 டாலர். பின்னால் கோடிகளில் புரண்ட ஒரு பெயருக்கு மொத்தக் கணக்கே அவ்வளவுதான்.

1940க்கும் 1958க்கும் நடுவில் இருவரும் இயக்கிய டாம் அண்ட் ஜெர்ரி படங்கள் 114. அவற்றுக்கு ஏழு ஆஸ்கர். மேடையேறி வாங்கியவர் தயாரிப்பாளர் ஃபிரெட் குவிம்பி. விதிப்படி அது தயாரிப்பாளருக்குப் போகிற விருது, அதில் சட்டக்குற்றம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஏழு தடவை கீழே உட்கார்ந்து கைதட்டியவர்களின் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்லிவிடுவேன். பையன்கள் சிரிப்பார்கள்.

1957ல் எம்.ஜி.எம். கார்ட்டூன் பிரிவையே மூடிவிட்டது. காரணம் விசித்திரமானது. படங்கள் ஓடாமல் போய் மூடவில்லை. பழைய டாம் அண்ட் ஜெர்ரியையே தூசி தட்டி மறுபடி தியேட்டருக்கு விட்டால் புதுப்படத்துக்குக் கிட்டத்தட்ட சமமாக வசூலாகிறது என்று கணக்குப்பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். அப்புறம் எதற்குப் புதிதாக வரைய வேண்டும்? இருபது வருட வேலை ஒரு டெலிபோன் பேச்சில் முடிந்தது. பழைய ரீலுக்குக் காசு இருக்கிறது என்ற இந்தக் கணக்கை மறந்துவிடாதீர்கள். இவர்களைத் தெருவில் விட்ட அதே கணக்குதான் பின்னால் இவர்களுடைய கம்பெனிக்கு விலை ஏற்றப்போகிறது.

வேலை போன கையோடு இருவரும் சேர்ந்து 1957 ஜூலையில் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். யார் பெயர் முதலில் என்று காசு சுண்டிப் போட்டார்கள், ஹன்னா ஜெயித்தார். எம்.ஜி.எம்.மில் பழகிய இயக்குநர் ஜார்ஜ் சிட்னி மூலம் கொலம்பியா பிக்சர்ஸின் டிவிப் பிரிவான ஸ்கிரீன் ஜெம்ஸ் முதல் போட்டது, அதற்காக ஒரு பங்கையும் எடுத்துக்கொண்டது. ஆக முதல் நாளிலிருந்தே கம்பெனி முழுக்க இவர்களுடையது இல்லை.

டிவிக்குப் படம் செய்வது வேறு உலகம். தியேட்டருக்கான ஏழு நிமிட டாம் அண்ட் ஜெர்ரிக்குப் பல பத்தாயிரம் டாலர் செலவு செய்து பழகியவர்களுக்கு டிவிக்காரர்கள் ஐந்து நிமிடப் படத்துக்குக் கொடுக்க முன்வந்தது மூவாயிரம் டாலர் அளவில். அந்தக் காசில் பழைய மாதிரி வரைய முடியாது. அதனால் வரையாமல் விடுவது எப்படி என்பதை ஒரு கலையாகவே ஆக்கினார்கள். உடம்பை அசைக்காதே, தலையை மட்டும் திருப்பு. தலையையும் திருப்பாதே, வாயை மட்டும் அசை. யோகி கரடி காட்டில் திரிகிற மிருகம், அதற்கு எதற்குக் காலரும் டையும் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறீர்களா? கழுத்தில் தலையை ஒட்டுகிற கோடு காலருக்குள் மறைந்துவிடும். உடம்பு ஒரே ஒரு படம், தலை மட்டும் தனி செல்லில், அதாவது கண்ணாடி போன்ற தாளில், மாறும். ஸ்கூபியும் ஷாகியும் ஓடும்போது அதே கதவு, அதே விளக்கு, அதே ஜன்னல் திரும்பத் திரும்ப வருவதும் இந்தச் சிக்கனம்தான். அடியில் விளக்கு எரியும் லைட் பாக்ஸில் ஒரு வாக் சைக்கிள், அதாவது ஒரு நடையின் முழுச் சுற்று, போட்டுப் பார்த்தவருக்கு எத்தனை பேப்பர் மிச்சம் என்று புரியும். வார்னரின் சக் ஜோன்ஸ் இதைப் படம் போட்ட ரேடியோ என்று கிண்டல் செய்தார். கிண்டலில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த வழி இல்லாவிட்டால் டிவியில் கார்ட்டூனே வந்திருக்காது என்பது என் கட்சி.

1958ல் ஹக்கிள்பெரி ஹவுண்ட். 1960ல் ஃபிளின்ட்ஸ்டோன்ஸ், ராத்திரி நேரத்தில் பெரியவர்களையும் உட்கார வைத்த முதல் கார்ட்டூன் தொடர், 166 எபிசோடு. (ஆரம்பத்தில் அதற்கு விளம்பரதாரர் ஒரு சிகரெட் கம்பெனி. ஃபிரெட்டும் பார்னியும் புகைவிடும் விளம்பரம் இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கும்.) 1962ல் ஜெட்சன்ஸ், 1964ல் ஜானி குவெஸ்ட், 1969 செப்டம்பரில் ஸ்கூபி டூ. இவை எல்லாம் ஹன்னா-பார்பரா கம்பெனியின் சொத்து. டாம் அண்ட் ஜெர்ரி இந்தப் பட்டியலில் இல்லை, கவனியுங்கள்.

நம் மனதில் அது அவர்களுடைய சொந்தக் கம்பெனியாகவே பதிந்திருக்கிறது. ஆனால் சொந்தமாக இருந்தது பத்து வருடம்கூட இல்லை. 1966 கடைசியில் டாஃப்ட் பிராட்காஸ்டிங் என்ற சின்சினாட்டிக் கம்பெனி சுமார் 1.2 கோடி டாலருக்கு அதை வாங்கிக்கொண்டது. ஸ்கூபி டூ வந்ததே அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான். ஹன்னாவும் பார்பராவும் அதே அறையில், அதே நாற்காலியில் தொடர்ந்தார்கள், ஆனால் முதலாளியாக அல்ல, நடத்துகிறவர்களாக. போர்டில் பெயர் மாறாததால் ஊருக்குத் தெரியவில்லை. நம் மதுரை தங்கம் தியேட்டர் போய் அந்த இடத்தில் ஜவுளிக்கடை வந்து எத்தனையோ வருடமாகிறது, இன்னமும் எங்கள் வயதுக்காரர்கள் "தங்கம் தியேட்டர் பக்கம்" என்றுதான் வழி சொல்கிறோம் இல்லையா? அந்த மாதிரி. டாஃப்டுக்கு டிவி, ரேடியோ நிலையங்கள் இருந்தன. பொழுதுபோக்குப் பூங்காவும் கட்டினார்கள். 1972ல் திறந்த கிங்ஸ் ஐலண்டில் யோகி கரடி வேஷம் போட்டவர்கள் குழந்தைகளுக்குக் கைகொடுத்துக்கொண்டு திரிந்தார்கள். பொம்மைக்கு டிவிக்கு வெளியேயும் வருமானம் உண்டு என்று டாஃப்ட் கண்டுகொண்டது.

இந்தக் காலத்தில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லாமல் போக முடியாது. 1975ல் டிவிக்குப் புதிய டாம் அண்ட் ஜெர்ரித் தொடரைச் செய்தது ஹன்னா-பார்பரா. உரிமை எம்.ஜி.எம்.மிடம். ஆகவே தாங்கள் பெற்ற பிள்ளைகளையே உரிமையாளரிடம் அனுமதி வாங்கித்தான் வரைய முடிந்தது. அதுவும் அப்போது டிவியில் அடிதடி கூடாது என்று பெற்றோர் அமைப்புகள் சத்தம் போட்ட நேரம். ஜெர்ரிக்குக் கழுத்தில் சிவப்பு போ டை கட்டி, இருவரையும் நண்பர்களாக்கி ஊர் சுற்ற விட்டார்கள். அடித்துக்கொள்ளாத டாம் அண்ட் ஜெர்ரி! உப்பில்லாத கறிக்குழம்பு. நான் பார்த்ததிலேயே சோகமான கார்ட்டூன் அதுதான். அதற்கு முன்பே எம்.ஜி.எம். வேறு ஆட்களை வைத்தும் அந்தப் பூனை-எலியை வரைய வைத்தது. 1961, 62ல் பிராகிலிருந்து ஜீன் டைட்ச் 13 படம், பிறகு சக் ஜோன்ஸ் 34 படம். ஒவ்வொருவர் கையிலும் டாமின் புருவம் மாறும். பெயரை மறைத்துவிட்டுப் படத்தைப் போட்டால் எது யாருடையது என்று சொல்லிவிடலாம், பழகிக்கொள்ளுங்கள், இன்டர்வியூவில் உதவும்.

செலவு ஏற ஏற வேலை அமெரிக்காவை விட்டு வெளியே போனது. ஆஸ்திரேலியாவில் கிளை வந்தது. 1978ல் தைவானில் ஜேம்ஸ் வாங் தொடங்கிய ஸ்டூடியோ ஹன்னா-பார்பராவின் வேலையை எடுத்துத்தான் வளர்ந்தது. கதையும் ஸ்டோரிபோர்டும் ஹாலிவுட்டில், இன்பிட்வீனும் (இரண்டு முக்கியப் படத்துக்கு நடுவில் வரும் படங்கள்) பெயின்டும் ஆசியாவில். வேலை வெளியே போவதை எதிர்த்து 1982ல் ஹாலிவுட் அனிமேட்டர்கள் ஸ்டிரைக் செய்தார்கள். அந்த வேலையின் பிற்காலத்து வால்தான் சென்னை வரை நீண்டு வந்து என் போன்றவர்களுக்குச் சோறு போட்டது. வள்ளுவர் கோட்டம் பக்கத்தில் மேன்ஷனில் தங்கிக்கொண்டு ஒரு ஸ்டூடியோவில் இன்பிட்வீன் வரைந்தேன், ஃபுட்டேஜ் கணக்கில், அதாவது வரைந்த பிலிமின் நீளத்துக்கு, சம்பளம். ஒருநாள் காலையில் போனால் வாசலில் புது அடையாள அட்டை கொடுத்தார்கள். அதில் வேறு கம்பெனிப் பெயர். விற்றுவிட்டார்கள் என்று அப்படித்தான் எங்களுக்குத் தெரிந்தது. கடைசி இரண்டு மாத ஃபுட்டேஜுக்குப் பழைய முதலாளியைக் கேள் என்று புதியவர், புதியவரைக் கேள் என்று பழையவர். இன்னும் வரவில்லை. அதனால்தான் இந்தக் கைமாற்றக் கதைகளைக் கொஞ்சம் கூர்ந்து படிக்க ஆரம்பித்தேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

1987ல் டாஃப்டே கைமாறியது. கார்ல் லிண்ட்னர் என்ற பணக்காரர் பிடித்துக்கொண்டு கிரேட் அமெரிக்கன் என்று பெயரை மாற்றினார். கடன்மேல் கடனாக வாங்கிய கம்பெனி, வட்டி கட்டவே இருந்ததை ஒவ்வொன்றாக விற்க வேண்டியிருந்தது. ஹன்னா-பார்பராவில் வேலை பார்த்த நல்ல எழுத்தாளர்கள் சிலர் 1989 வாக்கில் வார்னருக்குப் போய்விட்டார்கள். கம்பெனி பார்க்க ஓய்ந்த மாடு மாதிரி இருந்தது.

அப்போதுதான் டெட் டர்னர் வருகிறார். அட்லாண்டாக்காரர், சி.என்.என். செய்திச் சானலை ஆரம்பித்தவர். அவர் 1986லேயே சுமார் 150 கோடி டாலர் கொடுத்து எம்.ஜி.எம்.மை வாங்கி, கடன் கழுத்தை நெரிக்கவே சில மாதத்தில் பெரும்பகுதியைத் திருப்பி விற்றவர். ஸ்டூடியோ இடமும் போயிற்று, சிங்க முத்திரையும் போயிற்று. ஒன்றை மட்டும் விடவில்லை: பழைய படப்பெட்டிகள். டாம் அண்ட் ஜெர்ரி அந்தப் பெட்டிக்குள் இருந்தது. சிங்கம் ஒரு வீட்டுக்கும் பூனை இன்னொரு வீட்டுக்குமாகப் பிரிந்தது அப்போதுதான். டிவியில் சிங்கம் உறுமுவதைப் பார்த்து எம்.ஜி.எம். சொத்து என்று நினைக்கக்கூடாது, அது எடுத்த காலத்து முத்திரை, அவ்வளவுதான்.

அதே பெட்டிக்குள் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. 1956ல் வார்னர் பிரதர்ஸ் தன் பழைய படங்களையெல்லாம் சுமார் 2.1 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. பழசுதானே, யாருக்கு வேண்டும் என்ற நினைப்பு. 1948க்கு முந்தைய வண்ணக் கார்ட்டூன்கள், அதாவது பக்ஸ் பன்னியின் நல்ல படங்கள் பலவும் அதில் போயின. கைமாறிக் கைமாறி அதுவும் டர்னரிடம் வந்து சேர்ந்தது.

1991ல் டர்னரும் அப்போலோ என்ற முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து ஹன்னா-பார்பராவை 32 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 1966ல் 1.2 கோடி! அமெரிக்காவின் விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும் பல மடங்கு. டர்னர் வாங்கியது ஸ்டூடியோ மேஜை நாற்காலியை அல்ல, முப்பது வருடக் கையிருப்பை. 24 மணி நேரமும் ஓடுகிற சானலுக்கு அவருக்குச் சரக்கு வேண்டும். 1992 அக்டோபர் 1ல் கார்ட்டூன் நெட்வொர்க் ஆரம்பமானது. எம்.ஜி.எம்.மில் பிறந்த டாம் அண்ட் ஜெர்ரியும், ஹன்னா-பார்பராவில் பிறந்த ஸ்கூபி டூவும் ஒரே முதலாளியிடம் சேர்ந்தது இப்படி. இருவரின் பிள்ளைகளும் ஒரே கூரைக்குக் கீழே வர 34 வருடம் ஆயிற்று, அதுவும் மூன்றாவது ஆளின் கூரை.

1995 மே மாதம் அந்த சானல் இந்தியாவுக்கு வந்தபோது நான் சிம்மக்கல்லில் ஏழாம் வகுப்பு. பகலில் கார்ட்டூன், இரவானால் அதே சானலில் பழைய எம்.ஜி.எம். ஆங்கிலப் படம். திடீரென்று ஸ்கூபி டூ மறைந்து கறுப்பு வெள்ளையில் யாரோ கோட்டுப் போட்டுக்கொண்டு பேசுவார்கள், "கேபிள்காரன் மாத்திட்டான்" என்று கத்துவோம். பாவம் கேபிள் அண்ணன். டர்னரிடம் இருந்த இரண்டு பெட்டிகளையும் ஒரே அலைவரிசையில் பங்கு போட்டிருந்தார்கள் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஹன்னா-பார்பரா கடைசியாக ஒரு நல்ல மூச்சு விட்டதும் டர்னர் காலத்தில்தான். ஃபிரெட் சைபர்ட் தலைமையில் புது இளைஞர்களுக்கு ஆளுக்கு ஏழு நிமிடப் படம் செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். அதிலிருந்து முளைத்தவைதான் டெக்ஸ்டர்ஸ் லேபரட்டரி, ஜானி பிராவோ, பவர்பஃப் கேர்ள்ஸ். நாற்பது வருடமாகச் சிக்கனத்துக்குப் பெயர்போன கடையில், வரைகிறவன் கையிலேயே கதையைக் கொடுத்துப் பார்த்தார்கள்.

1996 அக்டோபரில் டர்னரின் மொத்தக் கம்பெனியும் டைம் வார்னரோடு இணைந்தது, சுமார் 750 கோடி டாலர் பேரம். வார்னர் நாற்பது வருடத்துக்கு முன்பு விற்ற தன் பழைய பக்ஸ் பன்னி அப்போதுதான் வீடு திரும்பியது. கூடவே வந்தவைதான் டாம் அண்ட் ஜெர்ரியும் ஸ்கூபியும். தம்பி, நீங்கள் சறுக்கிய இடம் இது. "எப்பவுமே வார்னர்" இல்லை, 1996க்குப் பிறகுதான் வார்னர்.

அதன்பின் சுருக்கம்தான். 1998ல் காஹுவெங்கா சாலையில் இருந்த ஹன்னா-பார்பரா கட்டடத்தைக் காலி செய்து வார்னரின் அனிமேஷன் பிரிவு இருந்த இடத்துக்குப் போனார்கள். 2001 மார்ச் 22ல் ஹன்னா இறந்தார். அந்த வருடமே கம்பெனி வார்னர் பிரதர்ஸ் அனிமேஷனுக்குள் கரைந்தது. 2005ல் வந்த ஒரு டாம் அண்ட் ஜெர்ரி குறும்படத்தில் பார்பரா கைவைத்தார், அப்போது வயது 94. அடுத்த வருடம் டிசம்பரில் அவரும் போய்விட்டார். மேலே முதலாளிகள் மட்டும் மாறிக்கொண்டே இருந்தார்கள்: இன்டர்நெட் கம்பெனியான ஏ.ஓ.எல்., பிறகு 2018ல் டெலிபோன் கம்பெனியான ஏ.டி. அண்ட் டி., 2022 ஏப்ரலில் டிஸ்கவரியோடு சேர்ந்து வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி. 2021ல் லண்டனில் இருந்த கார்ட்டூன் நெட்வொர்க்கின் ஐரோப்பிய ஸ்டூடியோவுக்கு ஹன்னா-பார்பரா ஸ்டூடியோஸ் ஐரோப்பா என்று பெயர் வைத்தார்கள். ஆளில்லாத பெயருக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

இதையெல்லாம் கையில் பிடித்துப் பார்க்க வேண்டுமென்றால் டவுன்ஹால் ரோட்டில் நல்ல கடையாகப் பார்த்து, உரிமம் வாங்கித் தயாரித்த ஸ்கூபி டூ ஸ்கூல் பையையும் டாம் அண்ட் ஜெர்ரி பையையும் எடுத்து உள்பக்கச் சீட்டைப் படியுங்கள். பொடி எழுத்தில் முதலாவதில் ஹன்னா-பார்பரா என்றும் இரண்டாவதில் டர்னர் என்டர்டெயின்மென்ட் என்றும் இருக்கும். கம்பெனிகள் கரைந்தாலும் பத்திரம் அந்தந்தப் பெயரிலேயே கிடக்கிறது. பிளாட்பாரத்தில் நூறு ரூபாய்க்கு விற்கிற பையில் அந்த வரி இருக்காது, டாமுக்கு மீசை வேறு கோணலாக இருக்கும்.

வேலைக்குப் போகப் போகிறவர் என்பதால் ஒன்று. ஹன்னா-பார்பரா தொடங்கிய அதே 1957ல் வந்ததுதான் நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டமும். சம்பளத்துக்கு வேலையில் இருக்கும்போது அந்த வேலைக்காக நீங்கள் வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே உரிமை. ஆஃபர் லெட்டரில் சம்பளத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள், அந்தப் பக்கத்தையும் படியுங்கள். வீட்டில் ராத்திரி சொந்தமாக வரைகிற பொம்மையை ஆபீஸ் கம்ப்யூட்டரில் சேமிக்க வேண்டாம்.

பந்தயத்தில் மாமா சொன்னதும் தப்பு, நீங்கள் சொன்னதில் பாதி தப்பு. ஆளுக்குப் பாதிக் காசு போட்டுக் குடியுங்கள். சுக்கு கொஞ்சம் தூக்கலாகப் போடச் சொல்லுங்கள்.